சுவருக்குப் பின்னால் நடக்கும் வளையம்

அத்தியாயம் 4

செத்தவன் நடக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் பொழுது சாயும் நேரத்துக்கு வாருங்கள் என்று அவனுடைய பெண்டாட்டி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அதைக் கேட்டதிலிருந்து சைக்கிளைத் திருப்ப வழி தேடிக்கொண்டிருந்தான் ரேடியோ. மூச்சு விடாமல் பேசுகிறவன் என்பதால் ஊர் அவனுக்கு வைத்த பேர் அது. அவனுடைய அக்காவைக் கட்டியவர்தான் துப்பறிகிறவர். பெற்ற தாய் பால் கொடுத்தபோதே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். ஊர் அவருக்கு வைத்த பேர் சந்தேகம்.

"அத்தான், பேய் பிடிக்கறது நம்ம தொழில் இல்ல. மனுஷன் பண்ற அயோக்கியத்தனத்துக்கு மட்டும்தான் வருவோம்னு போர்டு போட்டிருக்கோம்."

"போர்டுல அப்படியா எழுதியிருக்கு?"

"எழுதலைன்னா திரும்பிப் போய் இப்பவே எழுதிடறேன். சைக்கிளைத் திருப்பவா?"

"மூடிக்கிட்டு மிதிடா."

விஷயம் இதுதான். மர டிப்போவின் காவல்காரன் போன மாதம் பின்சந்தில், அடுக்கி வைத்த மரங்களுக்கு நடுவில், குண்டு பாய்ந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிற தோல்வாரை, கட்டையின் அடியில் திருகி வைத்த ஒரு வளையத்தில் கோத்திருப்பார்கள். அந்த வளையம் தேய்ந்து அறுந்து கிடந்தது. வளையம் அறுந்தது, துப்பாக்கி கல்தரையில் விழுந்தது, வெடித்தது, ஆள் போய்ச் சேர்ந்தான். முதலில் பார்த்த மேஸ்திரி அப்படித்தான் சொன்னார். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. மற்றவன் சொன்னதை எழுதிக்கொள்வதில் என்ன சிரமம்?

அத்தோடு போயிருந்தால் விதி என்று அழுது முடித்திருப்பார்கள். ஆனால் சாவதற்குச் சில வாரம் முன்னால்தான் அந்தத் தேய்ந்த வளையத்தை மாற்றச் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்திருந்தான். யாரிடம்? துப்பாக்கி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் சொந்தத் தம்பியிடம். தம்பி மாற்றிவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்த துப்பாக்கியில் இருந்ததோ அதே பழைய இரும்பு வளையம். 'என் கையால மாத்தினேன்' என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டால் தலைதான் வலிக்கும். நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் வந்து அவனை அழைத்துக்கொண்டு போகப் போகிறார். அண்ணியோ, கூடப்பிறந்தவனைக் கொன்ற பாவி என்று அவனைப் படி ஏற விடவில்லை.

சந்தேகத்தைத் தேடி வந்தது அந்த அண்ணிதான். வந்தவள் கொழுந்தனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தினம் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் துப்பாக்கியோட நடக்கறாரு. எனக்குக் கேக்குது. அது அவர்தானா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்கய்யா."

டிப்போவுக்குள் சைக்கிள் நுழைந்தபோது மரத்தூள் புகை மாதிரி அந்தரத்தில் நின்றது. வழியின் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு மேஸ்திரி நின்றார். ரேடியோ பெல்லை அடித்தான். இன்னும் அடித்தான். மேஸ்திரி அசையவில்லை. கட்டைவிரல் நோகிற வரைக்கும் அடித்துவிட்டுக் கடைசியில் அத்தானோடும் சைக்கிளோடும் மரத்தூள் குவியலுக்குள் போய்ச் சொருகினான்.

"பாத்து வரக் கூடாதா?" என்று மேஸ்திரி அலறினார். அவர் நலம் விசாரித்தாலும் அலறலாகத்தான் இருக்கும். அரை ஆயுசைப் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கழித்துவிட்டு மேஸ்திரி ஆனவர்.

"பெரிய மனுஷங்க பெல்லுக்கெல்லாம் வழிவிட மாட்டாங்க அத்தான். மேளம்தான் கொண்டு வரணும்," என்று ரேடியோ வாயிலிருந்த தூளைத் துப்பினான்.

சந்தேகம் சட்டையைத் தட்டிக்கொண்டே ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மேஜை, ஆணியும் திருகாணியும் போட்ட ஒரு தகர டப்பா, சுவரில் துப்பாக்கி மாட்ட இரண்டு முளை. இரண்டு முளையும் காலி.

"பின்சந்தைப் பாக்கணுமே மேஸ்திரி."

மேஸ்திரி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "முடியாது. போலீஸ் பூட்டி வைக்கச் சொல்லிட்டாங்க. நானே அந்தப் பக்கம் போறதில்ல. பேய் நடக்குதுன்னு காவலுக்கு ஒரு பய வர மாட்டேங்கறான். எல்லாம் அந்தத் தம்பிக்காரன் பண்ணின வேலை! ஒரு வளையம் மாத்தத் துப்பில்ல, பட்டறை வச்சிருக்கானாம் பட்டறை!"

"சரிதான்," என்றார் சந்தேகம். அவர் சரி என்று சொன்னால் ஒன்றையும் நம்பவில்லை என்று அர்த்தம். பதினைந்து அடி தள்ளிப் போனதும் ரேடியோவிடம், "ஸ்டேஷன் ஏட்டுக்குப் போன் போடு. சந்தைப் பூட்டச் சொன்னாங்களான்னு கேளு," என்றார்.

ரேடியோ போனில் கொஞ்ச நேரம் குசலம் பேசிவிட்டு, முகம் மாறி வந்தான். "அப்படி யாருமே சொல்லலையாம் அத்தான்."

காவல்காரனின் வீடு டிப்போவின் பின்சுவரை ஒட்டி இருந்தது. ஒரே அறை, ஒரு முற்றம், முற்றத்தின் கோடியில் ஆள் உயரத்துக்கு மேலே எழுந்த சுவர். அதற்கு அப்பால்தான் பின்சந்து. சுவரின் அடியில் ஒரு தண்ணீர் ஓட்டை. அதற்குப் பக்கத்தில் செவலை நாய் ஒன்று முன்னங்கால்மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

ரேடியோ அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. ஆனால் முகம் கழுவி, தலையைப் படிய வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். வேலை முடிந்து வருகிறவனுக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி. அவனுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

"உக்காருங்க. வர்ற நேரந்தான்," என்றாள்.

"யாரும்மா?" என்று கேட்டுவிட்டு ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆணியில் அகலமான ஒரு தோல்வார் தொங்கியது. போலீஸ் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வாரை மட்டும் கொடுத்துவிட்டிருந்தது. சந்தேகம் அதை எடுத்துத் தடவினார். "டேய், அந்தக் கம்பி."

ஸ்டேஷனில் இருந்த அறுந்த வளையத்தின் அளவுக்கு ரேடியோ காலையிலேயே ஒரு கம்பியை வளைத்து வைத்திருந்தான். ஒன்றரை விரல் அகலம்கூட இல்லை. வாரோ மூன்று விரல் அகலம். கம்பிக்குள் நுழைத்து இழுத்ததும் தோல் இரண்டு பக்கமும் சுருண்டு கசங்கியது.

"பாத்தியாம்மா? இந்த வளையத்துல இது தொங்கியிருந்தா ஒரே நாள்ல இப்படிச் சுருக்கம் விழுந்திருக்கும். ஆனா நுனி வரைக்கும் தோல் சப்பையா இருக்கு. இது அகல வளையத்துல தொங்கின வார். உன் கொழுந்தன் பித்தளை வளையம் போட்டதாச் சொன்னான். ஒரு வாஷர் குறைஞ்சுபோச்சு, கொஞ்சம் ஆடும், ஆனா ஜென்மத்துக்கும் அறுகாதுன்னு சொன்னான்."

"அவன் பேச்சு எனக்கு வேணாம்," என்றாள் அவள். "வாரைக் கயித்தால கட்டித் தொங்க விட்டிருப்பாருன்னு மேஸ்திரி சொல்றாரு. பித்தளை வளையம் போட்டான்னா, அது எங்கே? காட்டச் சொல்லுங்க."

சந்தேகம் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். அதையேதான் நாளைக்கு இன்ஸ்பெக்டரும் கேட்பார். வளையம் கிடைத்தால் தம்பி பிழைத்தான். கிடைக்காவிட்டால் அவன் அண்ணனைக் கொன்றவனாகவே சாக வேண்டியதுதான்.

அப்போது நாய் எழுந்து நின்றது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், மரத்தூள்மேல் யாரோ நடக்கிற மெத்து மெத்தென்ற சத்தம். அதோடு சேர்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தரம், டிங்... டக். டிங்... டக்.

ரேடியோவின் கையில் இருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. பேயைப் பார்த்தால் நாய் ஊளையிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இந்த நாய் ஊளையிடவில்லை. வாலை ஆட்டியது. உடம்பெல்லாம் நெளிய, சுவரில் முன்னங்காலை வைத்து, அழுகிற மாதிரி முனகிக்கொண்டு வாலை ஆட்டியது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் ஏதோ சொன்னது. டிங்... டக். சுவரோரமாகவே போய்த் தேய்ந்து அடங்கியது.

"அத்தான்," என்றான் ரேடியோ. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "எனக்கு எங்க அக்கா ஞாபகம் வந்துடுச்சு. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேனே."

சந்தேகம் அவளிடம் திரும்பினார். "இந்தச் சத்தம் அவர் உசிரோட இருந்தப்பவும் இருந்துச்சா?"

"இதே சத்தந்தான்."

"எப்போலேருந்து?"

"இந்த வார் போட்டதுலேருந்து. பழைய வார் ஒடுங்கல், தோளை அறுக்குதுன்னு சொல்லுவாரு. நான்தான் அகலமாப் பாத்து வாங்கிக் கொடுத்தேன். இதை மாட்டிட்டுத் தம்பி பட்டறையிலேருந்து வந்தாரே, அன்னிக்கு, 'என்ன, மாடு மாதிரி மணி கட்டிக்கிட்டு வர்றீங்க'ன்னு சிரிச்சேன். இந்த வார் ஆடற சத்தம்யா அது."

சந்தேகம் வாரை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்து உதறினார். சத்தமில்லை. ரேடியோவிடம் கொடுத்தார். அவன் சாமி வந்தவன் மாதிரி ஆட்டினான். தோல் தோல்மேல் உரசியது. அவ்வளவுதான்.

"ஊமை அத்தான் இது."

"வார் சத்தம் போடலைன்னா வேற எது போட்டுச்சு?"

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரிய ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. அது புரிய வேண்டாம் என்று அவள் நினைத்ததும் தெரிந்தது.

"வாஷர் குறைஞ்ச பித்தளை வளையம்," என்றார் சந்தேகம். "அன்னிக்கு உன் புருஷன் புது வளையத்தோடதான் வந்தாரு. உன் கொழுந்தன் மாத்திட்டான்னு உன் காதே சாட்சி சொல்லுது. நீதான் அதை வார் சத்தம்னு நினைச்சு அவன்மேலேயே பழி போட்டே."

"அப்போ இப்ப நடந்தது..."

"வளையம் நடந்துச்சு. யார் தோள்லன்னு பாக்கணும். இது திரும்பி வருமா?"

"வரும்," என்றாள், சத்தமே இல்லாமல். "போறப்ப ஒரு தடவை. வர்றப்ப ஒரு தடவை."

"டேய், ஏட்டை உடனே வரச் சொல்லு. அப்புறம் அந்த ஸ்டூலை எடு."

"ஸ்டூல் எதுக்கு அத்தான்?" என்று கேட்டான் ரேடியோ, பதில் தெரிந்தே.

சுவர் ஏறிக் குதித்தபோது அவனுடைய சட்டைப்பை கிழிந்தது. சந்துக்குள் வெளிச்சம் மஞ்சளாகச் செத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அடுக்கிய மரங்கள், வெட்டுமுகமெல்லாம் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பார்த்தன. காவல்காரன் விழுந்த இடத்தில் யாரோ மரத்தூளைக் கொட்டி மூடியிருந்தார்கள். அதன்மேல் புதிதாக லாரிச் சக்கரம் ஏறிய தடம்.

"பூட்டின சந்துக்குள்ள லாரி!" என்று கிசுகிசுத்தான் ரேடியோ. "பேய்க்கு லைசென்ஸ் யார் கொடுத்தா?"

"அந்த அடுக்குக்குப் பின்னால போய் நில்லு. நான் முன்னால பேச்சுக் கொடுப்பேன். நீ முதுகுப் பக்கமா வந்து துப்பாக்கியைப் பிடுங்கணும்."

"நான் நடந்தா பூமி அதிருதுன்னு உங்க பொண்டாட்டியே சொல்லுவா. திரும்பிச் சுட்டா?"

"ஓடியே வா. அந்த ஆளுக்குக் கேக்காது."

"பேய்க்கா?"

"பேய் என்னைக்குடா வளையம் மாட்டிக்கிச்சு? உன் சைக்கிள் பெல்லுக்கு வழிவிடாதது யாரு, அதை யோசி."

டிங்... டக். டிங்... டக். சந்தின் கோடியில் மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது. தோளில் துப்பாக்கி. தலைப்பாகை. நிதானமான நடை. நெருங்க நெருங்க அது மேஸ்திரியாக ஆனது. ரேடியோவுக்குப் பயம் போகவில்லை, ஜாதி மாறியது. பேயாக இருந்திருந்தால் சுடவாவது சுடாது.

சந்தேகம் நடுச்சந்தில் போய் நின்றார். மேஸ்திரி திடுக்கிட்டு நின்றார்.

"என்ன மேஸ்திரி, இந்தப் பக்கம் போறதே இல்லைன்னீங்க?"

"காவலுக்கு ஆள் இல்லையே! நான்தான் ஒரு சுத்து..." அலறல் சுவரில் மோதித் திரும்பியது. "நீ எப்படி உள்ள வந்தே?"

"பேயைத் தேடி வந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"சத்தமா? இங்க ஒரு சத்தமும் கிடையாது."

"உங்க தோள்ல கேக்குதே."

மேஸ்திரி தோளைத் திரும்பிப் பார்த்தார். திரும்பியபோது துப்பாக்கி ஆடியது. டிங்... டக். பத்து எட்டுக்கு அப்பால் ஒளிந்திருந்த ரேடியோவுக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரியின் முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

"என்னய்யா விளையாடறே? எந்தச் சத்தம்?"

தண்ணீர் ஓட்டை வழியாக நாய் நுழைந்து வந்தது. மேஸ்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. துப்பாக்கிக் கட்டையின் அடியில் மூக்கை வைத்து முகர்ந்தது. அப்புறம் அவர் காலடியில், எஜமானின் காலடியில் படுக்கிற மாதிரி, பெருமூச்சு விட்டுப் படுத்தது.

"ரம்பம் முதல்ல தின்னறது சன்னமான சத்தத்தைத்தான்," என்றார் சந்தேகம், வாயை நன்றாகத் திறந்து. "பேச்சு கேக்கும், லாரி கேக்கும். மணி கேக்காது. செத்தவனோட மணியைத் தோள்ல கட்டிக்கிட்டு தினமும் அவன் வீட்டுச் சுவரோரமா நடந்திருக்கீங்க மேஸ்திரி. ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்கு மட்டும் கேக்கலை."

மேஸ்திரியின் கை வாருக்குப் போனது. ரேடியோ ஓடி வந்தான். மரத்தூள் பறக்க, மூச்சு இரைக்க, போதாததற்கு "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து, துப்பாக்கியை வாரோடு பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கட்டையின் அடியில் அகலமான பித்தளை வளையம் மின்னியது. ஒரு வாஷர்தான் இருந்தது.

ஏட்டு வந்த பிறகு மேஸ்திரி அதிகம் மல்லுக்கட்டவில்லை. பின்வாசல் வழியாகத் தேக்கு திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. காவல்காரன் பார்த்துவிட்டான். துப்பாக்கியைப் பிடித்து இழுத்ததில் வெடித்துவிட்டது என்றார். வெடித்ததா, வெடிக்க வைத்தாரா? சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை சந்தேகம். எப்படியானாலும் மேஸ்திரிக்கு அதை விபத்து மாதிரி காட்ட வேண்டியிருந்தது. கழற்றிய பழைய வளையத்தைக் காவல்காரனே ஆபீஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அதை வளைத்து முறித்துப் பித்தளை இருந்த இடத்தில் திருகிவிட்டார்.

"அதெல்லாம் சரி," என்றான் ரேடியோ. "பித்தளையை ஆத்துல எறிஞ்சுட்டுப் போறதுக்கு என்னய்யா? எவனாவது கொலைக்குச் சாட்சியைத் தோள்ல மாட்டிக்குவானா?"

மேஸ்திரி அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் ஆனது. முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார்.

"தேஞ்ச வளையம் அறுந்து துப்பாக்கி விழுந்து செத்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். போலீஸ்கிட்ட, முதலாளிகிட்ட, அந்தப் பொம்பளைகிட்ட. சொல்லிட்டுப் போய் என் துப்பாக்கியைத் தோள்ல போட்டா... என் வளையமும் தேஞ்சிருந்துச்சு. ஒவ்வொரு எட்டு வைக்கறப்பவும் இப்ப அறுந்துடும், இப்ப விழுந்துடும்னு... தூக்கம் வரலை. அதான் நல்லதா எடுத்து மாட்டிக்கிட்டேன்."

ஊர் நம்பியதோ இல்லையோ, பொய்யைச் சொன்னவன் நம்பிவிட்டான். ஏட்டு அவரைத் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். நாய் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய், துப்பாக்கி ஏட்டின் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

முற்றத்துக்குத் திரும்பியபோது தம்பிக்காரன் வந்திருந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டறை எண்ணெய்க் கையோடு வெளியிலேயே நின்றான். படியில் கால் வைக்கவில்லை. "அது நான் போட்டதுதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான், யாரும் மறுக்காதபோதும். "நானே கொஞ்ச நாளா, ஒருவேளை மாத்தாமலே மாத்தினதா நினைச்சுக்கிட்டேனோன்னு... அது நான் போட்டதுதான்."

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. சந்தேகத்தைப் பார்த்தாள்.

"அப்போ அவர் இல்ல."

"இல்லம்மா."

"ஒரு நாள்கூட அவர் வரலை."

சந்தேகம் எவ்வளவோ கொலைகாரர்களை நேருக்கு நேர் பார்த்தவர். இந்தக் கேள்விக்குத் தரையைப் பார்த்தார். "இல்லம்மா."

"ஊர்ல எல்லாரும் பயந்தாங்க," என்றாள். "எனக்குப் பயமே இல்ல. காலையிலேருந்து பொழுது எப்ப சாயும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வேற யாராவதா இருந்தா வேண்டாம், அவர்தான்னு நீங்க சொல்லிட்டாப் போதும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்." வாரிய தலையைக் கையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாய்யா?"

ரேடியோ கிழிந்த சட்டைப்பையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா தம்பி," என்றாள். "இன்னிக்குத்தான் உங்க அண்ணன் செத்தாரு. கூட அழ ஆள் வேணும்."